பிள்ளைகளைப் பராமரிக்க டெண்டர் விட்டால்...

வெள்ளவத்தையில் பாத்திரக் கடை நடத்தும் ஒரு சகோதரர் அண்மையில் என்னைத் தேடி வந்தார். இங்கிலாந்தில் வசிக்கும் அவரது மச்சான் ஒரு தொழில் யோசனை அனுப்பியிருக்கின்றார். வட இங்கிலாந்தில் வீட்டு விலை மலிவான நகரம் ஒன்றில் நான்கு அறை வீடொன்றை வாங்கி அதனைச் சிறுவர் இல்லமாகப் பதிவு செய்வது. பெற்றோரால் பராமரிக்க முடியாத பிள்ளைகளை அங்குள்ள உள்ளூராட்சி மன்றம் அனுப்பி வைக்கும். ஒரு பிள்ளைக்கு வாரத்துக்கு நாலாயிரம் பவுண் வரை மன்றமே செலுத்தும். இவரும் பங்குக்கு வருகின்றாரா என்பதுதான் கேள்வி.

"வாடிக்கையாளர் அரசாங்கம், காசு முடங்காது. இது நட்டமில்லாத தொழில்தானே நானா?" என்று கேட்டார்.

மச்சான் சொன்ன தொகையில் மிகை இல்லை. ஆனால் அவருக்கு ஒரே வார்த்தையில் பதில் சொல்லி அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. ஏனெனில் இது வேறு பெயரில், வேறு விலையில், எமது கொழும்பிலும் நெடுங்காலமாக நடந்து வரும் விடயம். அதிலே எம்மவர் பலர் நிர்வாக சபை உறுப்பினர்களாக இருக்கின்றார்கள். இன்னும் பலர் அரிசி, பருப்பு, கொப்பி, துணி விநியோகிப்பவர்களாக இருக்கின்றார்கள். நன்கொடை கொடுக்காதவர் எவருமே இல்லை என்று சொல்லலாம். ஆகவே இந்த வாரம் இதனைக் கொஞ்சம் விரிவாகவே பார்ப்போம்.

கொள்வனவாளரின் கை கட்டப்பட்ட சந்தை

இங்கிலாந்தில் ஒரு பிள்ளையின் பாதுகாப்புக்குச் சட்டப்படி பொறுப்பான நிறுவனம் உள்ளூராட்சி மன்றமாகும். அங்கு குப்பை அள்ளுவதும் வீதி திருத்துவதும் போலவே, வீட்டில் அடிபட்ட பிள்ளையைப் பொறுப்பேற்று வளர்ப்பதும் மன்றத்தின் கடமை. இவ்வாறு பொறுப்பேற்கப்பட்ட பிள்ளைகள் இங்கிலாந்தில் மட்டும் எண்பதாயிரத்துக்கு மேல். பெரும்பாலானோர் வளர்ப்புக் குடும்பங்களில் இருக்கின்றனர். ஒரு பகுதியினர் இல்லங்களில் இருக்கின்றனர்.

1948ஆம் ஆண்டின் சிறுவர் சட்டத்துக்குப் பின்னர் மன்றங்கள் தாமே இல்லங்களை நடத்தின. 1980களுக்குப் பின்னர் நிலைமை மாறியது. சொந்த இல்லங்களை மூடிவிட்டு வெளியாரிடம் இடம் வாங்குவது வழக்கமாயிற்று. இன்று அங்குள்ள சிறுவர் இல்லங்களில் ஐந்தில் நான்குக்கு மேல் தனியார் வசம் இருக்கின்றன. ஓரிரு இல்லங்களை மட்டும் நடத்தும் சிறியவர்களும் உண்டு, முதலீட்டு நிதியங்களுக்குச் சொந்தமான பெரிய கம்பனிகளும் உண்டு.

இதனால் என்ன நடந்தது என்பதை அந்நாட்டின் போட்டி மற்றும் சந்தைகள் அதிகார சபை ஆராய்ந்து 2022 மார்ச்சில் இறுதி அறிக்கை வெளியிட்டது. தனியார் இல்லத்தில் ஒரு பிள்ளைக்கான வாராந்தக் கட்டணம் 2016இல் சராசரியாக 2,977 பவுணாக இருந்து 2020இல் 3,830 பவுணாக உயர்ந்திருந்தது. பெரிய கம்பனிகள் அந்த ஐந்தாண்டுகளில் இல்லங்களில் இருந்து பெற்ற தொழிற்பாட்டு இலாபம் சராசரியாக 22.6 வீதம். புறக்கோட்டையில் மொத்த வியாபாரம் செய்பவர்களுக்கு நூற்றுக்கு 22 ரூபா இலாபம் என்றால் என்னவென்று நான் விளக்கத் தேவையில்லை. அங்குள்ள தேசிய கணக்காய்வு அலுவலகத்தின் கணக்குப்படி 2023/24இல் இல்லப் பராமரிப்புக்கு மன்றங்கள் செலவிட்ட தொகை 310 கோடி பவுண். ஐந்தாண்டுகளில் ஏறக்குறைய இரு மடங்கு.

ஏன் இப்படி விலை ஏறியது? எந்தக் கடைக்காரருக்கும் விளங்கக் கூடிய காரணம்தான். வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குப் பொலிஸார் ஒரு பிள்ளையைக் கொண்டு வந்து மன்ற அலுவலகத்தில் விடுகின்றார்கள். அன்றிரவே ஒரு கட்டில் கண்டுபிடித்தாக வேண்டும். "விலை கூட, வேண்டாம், திங்கட்கிழமை பார்ப்போம்" என்று சொல்ல மன்றத்துக்குச் சட்டத்தில் இடமில்லை. தவிரவும், நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட மன்றங்கள் ஒன்றுக்கொன்று தெரியாமல் அதே கட்டில்களுக்குப் போட்டி போட்டு வாங்குகின்றன. பெருநாளைக்கு முதல் நாள் இரவில், ஒரே ஒரு இறைச்சிக் கடை திறந்திருக்க, அதன் வாசலில் நிற்பவரின் நிலைதான் அது. பேரம் பேச முடியாத கொள்வனவாளரும் கையிருப்புக் குறைந்த விற்பனையாளரும் சந்தித்தால் விலை எங்கே போகும்?

இன்னுமொரு விளைவு உண்டு. இல்லம் நடத்துபவர் வீடு மலிவாகக் கிடைக்கும் ஊரில்தான் இல்லம் திறப்பார். இங்கிலாந்தின் இல்லங்களில் ஏறத்தாழ நாலில் ஒன்று வடமேற்குப் பிராந்தியத்தில் இருக்கின்றது. பிள்ளைகள் நிறைந்த லண்டனில் மிகச் சொற்பமே. எனவே லண்டன் பிள்ளையொன்று தன் பாடசாலை, தம்பி தங்கை, பாட்டி எல்லாரையும் விட்டு இருநூறு மைலுக்கு அப்பால் அனுப்பப்படுகின்றது. முதலீட்டாளரின் கணக்கில் அது சரியான முடிவு. பிள்ளையின் கணக்கில் அது என்ன என்பதற்கு ஐந்தொகையில் ஒரு நிரல் கிடையாது.

நியாயமாகச் சொல்வதானால், தனியார் இல்லங்களின் தரம் சராசரியில் குறைவென்று அந்த அறிக்கை கூறவில்லை. மன்றங்கள் தாமே நடத்தினால் இல்லச் செலவு பெரிதாகக் குறைந்து விடும் என்றும் கூறவில்லை. தனியாரை உடனே தடை செய்தால் இருக்கின்ற கட்டில்களும் இல்லாமற் போகும் என்று எச்சரித்தது. வேல்ஸ் பிரதேசம் வேறு முடிவுக்கு வந்தது. அங்கு 2025இல் நிறைவேறிய சட்டம், பராமரிப்பில் உள்ள பிள்ளைகளை வைத்து இலாபம் ஈட்டுவதைப் படிப்படியாக முடிவுக்குக் கொண்டு வருகின்றது. இங்கிலாந்து அரசாங்கமோ இலாபத்துக்கு உச்ச வரம்பு விதிக்கும் அதிகாரத்தைக் கோரி 2024 டிசம்பரில் ஒரு சட்டமூலத்தைப் பாராளுமன்றத்தில் முன்வைத்தது.

கட்டிலை வெளியாரிடம் வாங்குவது ஒரு விடயம். எந்தப் பிள்ளையை எடுப்பது, எங்கே வைப்பது, எப்போது தாயிடம் திருப்பிக் கொடுப்பது என்ற தீர்மானத்தையே வெளியாரிடம் ஒப்படைப்பது வேறு விடயம். 2014இல் அதற்கும் வழி திறக்க லண்டன் அரசாங்கம் முயன்றது. சிறைச்சாலைகளை ஒப்பந்தத்துக்கு நடத்தும் கம்பனிகளின் கையில் இதுவும் போய்விடும் என்று பலத்த எதிர்ப்புக் கிளம்பியதும், இலாப நோக்குள்ள கம்பனிகளுக்கு நேரடியாகக் கொடுப்பதில்லை என்று பின்வாங்கியது. அதே ஆண்டில் டொன்காஸ்டர் நகர மன்றத்திடம் இருந்து இந்தச் சேவையை அரசாங்கம் பறித்து இலாப நோக்கற்ற தனி அமைப்பொன்றிடம் கொடுத்தது. 2022இல் அது மீண்டும் மன்றத்திடமே வந்து சேர்ந்தது.

வெள்ளவத்தைச் சகோதரருக்கு நான் சொன்னது இவ்வளவுதான். பதிவு பெறாமல் அங்கு இல்லம் நடத்துவது குற்றம். தகுதியுள்ள முகாமையாளரும் இருபத்து நான்கு மணி நேர ஊழியர்களும் இல்லாமல் பதிவு கிடைக்காது. வருமானத்தில் பெரும்பகுதி சம்பளத்துக்கே போகும். சட்டம் இலாபத்தை நோக்கித் திரும்பியிருக்கும் நேரத்தில், பழைய கணக்கைக் காட்டி வீடு வாங்கச் சொல்பவரிடம் புதிய கணக்கைக் கேளுங்கள். அவர் யோசித்துக் கொண்டிருக்கின்றார்.

தலைக்கு இவ்வளவு

இது புதுப் பழக்கமும் அல்ல. பதினெட்டாம், பத்தொன்பதாம் நூற்றாண்டுகளில் லண்டன் நகரின் வட்டார சபைகள் ஏழைப் பிள்ளைகளைக் குத்தகைக்கு விட்டு வளர்த்தன. அவற்றுள் பேர் போனது டூட்டிங் என்ற இடத்தில் ட்ரூவே என்பவர் நடத்திய நிலையம். சபைகள் தலைக்கு வாரம் நாலு ஷில்லிங் ஆறு பென்ஸ் கொடுத்தன. சுமார் 1,400 பிள்ளைகள் நெருக்கியடித்துக் கிடந்தனர். 1849 ஜனவரியில் கொலரா பரவி 150க்கு மேற்பட்ட பிள்ளைகள் இறந்தனர். ட்ரூவே மீது வழக்குத் தொடரப்பட்டு அவர் விடுதலையானார். எழுத்தாளர் சார்ள்ஸ் டிக்கன்ஸ் இதைக் கண்டித்துப் பத்திரிகையில் எழுதினார்.

கணக்கு எழுதுபவன் என்ற வகையில் எனக்கு இதில் படும் விடயம் ட்ரூவேயின் குணம் அல்ல, ஒப்பந்தத்தின் வடிவம். தலைக்கு இவ்வளவு என்று பணம். எண்ணிக்கை கூடினால் வருமானம் கூடும். சோற்றில் குறைத்தால் மிச்சம் கூடும். பிள்ளை நன்றாக வளர்ந்தால் ட்ரூவேக்கு என்ன கிடைக்கும்? ஒன்றுமில்லை.

இதற்கு எண்பது வருடங்களுக்கு முன்பே ஜோனஸ் ஹான்வே என்ற ஒரு வியாபாரி இதைப் புரிந்து வைத்திருந்தார் என்பது வியப்புக்குரியது. வெளிநாட்டு வணிகத்தில் பழகிய அவர், லண்டன் வட்டார சபைகளின் இறப்புப் பதிவேடுகளைத் திரட்டி, சபைகளின் பராமரிப்பில் வந்த கைக்குழந்தைகளில் மிகப் பெரும்பாலானவை செத்துப் போவதைக் காட்டினார். அவரது முயற்சியால் 1767இல் வந்த சட்டம் குழந்தைகளை நகரத்துக்கு வெளியே செவிலித் தாய்மாரிடம் அனுப்பச் சொன்னது. வாரக் கூலிக்கு ஒரு கீழெல்லை வைத்தது. அத்தோடு, கைக்குழந்தையை உயிரோடு வளர்த்துக் காட்டும் தாய்க்குத் தனியாக ஒரு வெகுமதியும் வைத்தது. எதற்குப் பணம் கொடுக்கின்றோமோ அதுவே நடக்கும் என்பது அந்த வியாபாரிக்குத் தெரிந்திருந்தது.

எமது நாட்டிலும் இதற்கு ஒரு கறுப்பு அத்தியாயம் உண்டு. 1980களில் வெளிநாட்டுத் தம்பதிகள் குழந்தைகளுக்குப் பணம் கொடுக்க முன்வந்தபோது, இலங்கையில் குழந்தைப் பண்ணைகளே முளைத்தன. 1987இல் வெளிநாட்டுத் தத்துக் கொடுப்பு சிறிது காலம் நிறுத்தப்பட்டது. 1992இல் சட்டம் இறுக்கப்பட்டது. முப்பது வருடங்களுக்குப் பின்னர் நெதர்லாந்திலும் சுவிற்சர்லாந்திலும் வளர்ந்து விட்ட அந்தப் பிள்ளைகள் தங்கள் பெற்ற தாய்மாரைத் தேடி இங்கு வந்து, பொய்ப் பத்திரங்களுடன் திரும்பிப் போனார்கள். தலைக்கு விலை வைத்தால் தலை வந்து சேரும்.

கொட்டாஞ்சேனைக் கணக்கு

இங்கு எமது முறை எப்படி இருக்கின்றது என்பதை இனிப் பார்ப்போம். கொழும்பு மாநகர சபை குப்பையைப் பல காலமாகத் தனியார் கம்பனிகளைக் கொண்டு அள்ளுவிக்கின்றது. அதற்கு ஒப்பந்தம் உண்டு, கட்டணம் உண்டு, குப்பை நின்றால் கேள்வி உண்டு. ஆனால் ஆதரவற்ற பிள்ளை மாநகர சபையின் பொறுப்பு அல்ல. 1956இல் உருவாக்கப்பட்ட நன்னடத்தை சிறுவர் பராமரிப்புச் சேவைகள் திணைக்களத்தின் கீழ் அது வந்தது. 1987இன் பதின்மூன்றாவது திருத்தத்துக்குப் பின்னர் அந்த வேலையின் பெரும்பகுதி மாகாண சபைகளுக்குப் போனது. மேல் மாகாண சபையின் பதவிக்காலம் 2019 ஏப்ரலில் முடிந்தது. அதன் பின்னர் பல வருடங்களாக ஆளுநரின் நிர்வாகம்தான்.

எமது சட்டங்கள் பழையவை. சிறுவர், இளம் ஆட்கள் கட்டளைச் சட்டம் 1939இல் வந்தது. அநாதை இல்லங்களைப் பதிவு செய்யும் கட்டளைச் சட்டம் 1941இல் வந்தது. அந்தச் சட்டங்கள் வருவதற்கு முன்பே கொட்டாஞ்சேனையில் கத்தோலிக்கக் கன்னியாஸ்திரிகள் பிள்ளைகளை எடுத்து வளர்த்தார்கள். எமது சமூகத்தவரும் பௌத்த, இந்து சங்கங்களும் பின்னர் தத்தமக்கென இல்லங்களை அமைத்தனர். அரசாங்கம் தடுப்பு இல்லங்கள், சான்றளிக்கப்பட்ட பாடசாலைகள், பொறுப்பேற்கும் இல்லங்கள் என்று சிலவற்றை வைத்துக் கொண்டது. மிகுதியைத் தொண்டு நிறுவனங்கள் நடத்துகின்றன. 2019ஐ அண்டிய கணக்கெடுப்பில் நாடு முழுவதிலும் நானூறுக்குச் சற்றுக் குறைவான நிலையங்களில் பத்தாயிரத்துக்கு மேற்பட்ட பிள்ளைகள் இருந்தனர். இவற்றுள் மிகப் பெரும்பான்மையானவை தொண்டு நிறுவனங்களின் இல்லங்களே.

இதற்கு யாரும் டெண்டர் விடவில்லை. ஆனாலும் நான் இதனைக் குத்தகை என்றே சொல்வேன். அரசாங்கத்தின் பிள்ளையை வேறொருவர் வளர்க்கின்றார். நீதவான் நீதிமன்றம் கட்டளை இடுகின்றது, நன்னடத்தை உத்தியோகத்தர் பிள்ளையை ஒப்படைக்கின்றார், மாகாணத் திணைக்களம் தலைக்கு இவ்வளவு என்று ஒரு மாதாந்த உதவித்தொகை கொடுக்கின்றது. அந்தத் தொகை ஒரு பிள்ளையின் சாப்பாட்டுக்கே போதாது. மிகுதியை நீங்களும் நானும் கொடுக்கின்றோம். இங்கிலாந்து அளவுக்கு மேல் கொடுத்து மாட்டிக் கொண்டது. நாம் அளவுக்குக் கீழ் கொடுத்து, கேள்வி கேட்கும் உரிமையையும் அத்தோடு விட்டு விட்டோம். ஓர் இடத்தில் மாத்திரம் இரண்டும் ஒன்று. இரண்டிலும் பணம் கட்டிலோடு கட்டப்பட்டிருக்கின்றது.

ஒரு சின்னக் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். விளங்குவதற்காக நான் எடுத்த எண்கள் இவை. ஓர் இல்லத்தில் நாற்பது பிள்ளைகள். மேற்பார்வையாளர், சமையற்காரர், காவலாளி சம்பளம், மின்சாரம், தண்ணீர், கட்டடத் திருத்தம் என்று மாதம் ஆறு இலட்சம். பிள்ளைகள் கூடினாலும் குறைந்தாலும் இது மாறாது. சாப்பாடு, உடுப்பு, பாடசாலைச் செலவு ஒரு பிள்ளைக்குப் பதினையாயிரம். அது ஆறு இலட்சம். மொத்தம் பன்னிரண்டு இலட்சம், ஒரு பிள்ளைக்கு முப்பதாயிரம். உதவித்தொகையும் நன்கொடையும் அதே அளவு வருகின்றது என்று வைத்துக் கொள்வோம். இப்போது பத்துப் பிள்ளைகள் தாய்மாரிடம் திரும்பிப் போகின்றார்கள். நல்ல செய்தி. ஆனால் வருமானத்தில் மூன்று இலட்சம் குறைகின்றது, செலவில் குறைவது ஒன்றரை இலட்சம் மட்டுமே. மாதம் ஒன்றரை இலட்சம் பற்றாக்குறை.

நிர்வாக சபையில் இருக்கும் நல்ல மனிதர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்து, "பிள்ளைகளை அனுப்ப வேண்டாம்" என்று தீர்மானிப்பதில்லை. அப்படிக் கெட்ட எண்ணம் யாருக்கும் இல்லை. ஆனால் கணக்கு தன் வேலையைத் தானே செய்து கொள்கின்றது. ஓர் இல்லத்தின் புத்தகங்களை நான் சில காலம் பார்த்திருக்கின்றேன். கொட்டாஞ்சேனைத் தோட்டமொன்றில் இடியப்பம் அவித்து விற்கும் ஒரு தாயின் மகன் அங்கிருந்தான். கணவர் மௌத்தாகிய பின்னர், இரவு மூன்று மணிக்கு எழும்பி வேலை செய்யும் அவருக்குப் பிள்ளையைப் பாடசாலைக்கு அனுப்பவும் மாலையில் பார்த்துக் கொள்ளவும் ஆளில்லை. அறை வாடகையும் இரண்டு மாதம் நிலுவை. அதனால் மகனைக் கொண்டு வந்து விட்டார். ஒரு வருடம் கழித்து, "இப்போது என் தங்கச்சி கூட இருக்கின்றாள், பிள்ளையைத் தாருங்கள்" என்று வந்து கேட்டார். "பரீட்சை முடியட்டும்" என்று சொல்லப்பட்டது. பரீட்சை முடிந்ததும், "இங்கே இருந்தால் நல்லாப் படிப்பான் உம்மா" என்று சொல்லப்பட்டது. அந்த வருட அறிக்கையில் பிள்ளைகளின் தொகை கூடியிருந்ததைத் தலைவர் மகிழ்ச்சியோடு குறிப்பிட்டார். எல்லாரும் கை தட்டினோம். கடையில் விற்பனை கூடினால் சந்தோசம் வருவது போல.

இது அந்த ஓர் இல்லத்துக்கு மட்டும் உரிய நிலை அல்ல. சேவ் த சில்ரன் நிறுவனம் இலங்கையின் இல்லங்களை ஆராய்ந்து 2005இல் வெளியிட்ட அறிக்கையின் சாரமே இதுதான். இல்லங்களில் இருக்கும் பெரும்பாலான பிள்ளைகளுக்குத் தாயோ தந்தையோ உயிரோடு இருக்கின்றார்கள். அவர்களை அங்கே கொண்டு வந்து சேர்த்த முதற் காரணம் வறுமை. எமது வழக்கில் தகப்பனை இழந்த பிள்ளை யதீம். ஆகவே தாய் உயிரோடு இருக்கும்போதே பிள்ளையை அநாதை இல்லத்தில் சேர்ப்பது யாருக்கும் வித்தியாசமாகத் தெரிவதில்லை. யதீமுக்கு உதவ வேண்டும் என்பதில் கருத்து வேறுபாடு கிடையாது. அந்த உதவி கட்டடத்துக்குள்ளேதான் கிடைக்கும் என்று நாம் ஆக்கி வைத்ததுதான் பிரச்சினை.

மேலே சொன்ன கணக்கை மறுபடி பாருங்கள். அந்த முப்பதாயிரத்தில் பாதியை மாதாமாதம் தாயின் கையில் கொடுத்தால் பிள்ளை அதே சோற்றைச் சாப்பிடும், அதே பாடசாலைக்குப் போகும், இரவில் தன் தாயின் பக்கத்தில் தூங்கும். மற்றப் பாதி கட்டடம் சாப்பிடும் பணம். உண்மையிலேயே போக்கிடம் இல்லாத, வீட்டில் ஆபத்து உள்ள பிள்ளைகளுக்கு அந்தக் கட்டடம் தேவைதான். அவர்களுக்குக் கூடுதலான, தகுதியான ஊழியர்களும் தேவை. வாடகை கட்ட முடியாத தாயின் பிள்ளைக்கு அது தேவையில்லை.

இதைச் செய்து காட்டிய அனுபவமும் எமக்கு உண்டு. 2004 சுனாமிக்குப் பின்னர் பல பக்கங்களில் இருந்தும் அநாதை இல்லம் கட்டப் பணம் வந்தது. ஆனால் பெற்றோரை இழந்த பிள்ளைகளில் பெரும்பாலானோர் மாமி, சாச்சி, பாட்டி என்று உறவினர் வீடுகளுக்கே போனார்கள். 2005இன் 16ஆம் இலக்கச் சுனாமி விசேட ஏற்பாடுகள் சட்டம் அந்தப் பிள்ளைகளின் பாதுகாவல் பொறுப்பை தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையிடம் வைத்தது. இல்லத்தில் சேர்ப்பது கடைசி வழியாக இருக்க வேண்டும் என்பதை 2019இல் அமைச்சரவை அங்கீகரித்த மாற்றுப் பராமரிப்புக் கொள்கையும் சொல்கின்றது. கொள்கை நன்று. பணம் இன்னும் பழைய வாய்க்காலிலேயே ஓடுகின்றது. 2022 செப்டெம்பரில் கொழும்பில் உணவுப் பணவீக்கம் 94.9 வீதத்தைத் தொட்ட நாட்களில், சோறு கொடுக்க முடியாமல் பிள்ளைகளை இல்ல வாசலுக்குக் கொண்டு வந்த பெற்றோரைப் பற்றிச் செய்திகள் வந்தன. அதே நாட்களில் அந்த இல்லங்களுக்கு அரிசி கொடுத்து வந்த கடைகளும் திணறிக் கொண்டிருந்தன.

எமது கையில் இருப்பது

நிர்வாக சபைகளில் இருப்பவர்கள் அடுத்த ஆண்டறிக்கையில் ஒரு வரியைச் சேர்க்கச் சொல்லுங்கள். இந்த வருடம் எத்தனை பிள்ளைகள் வீடு திரும்பினார்கள்? இன்று இருப்பவர்களில் எத்தனை பேருக்குத் தாய் இருக்கின்றார், அவர் கடைசியாக எப்போது வந்து பார்த்தார்? இதற்கு எந்தத் திணைக்களத்தின் அனுமதியும் தேவையில்லை. பதிவேட்டில் விபரம் இருக்கின்றது. வீடு திரும்பிய பிள்ளைக்கு ஒரு வருடத்துக்கு நன்கொடையைத் தொடர்ந்து ஒதுக்குவதாகத் தீர்மானம் எடுத்தால், பிள்ளை போனதும் வருமானம் போகின்றது என்ற பயமும் குறையும். ஹான்வேயின் வெகுமதி போன்றதே இதுவும்.

பெரிய தொகை கொடுப்பவர்கள், புதிய மாடி கட்டக் கொடுப்பதற்கு முன் ஒரு தடவை யோசியுங்கள். மாடி கட்டினால் அதை நிரப்ப வேண்டி வரும். மாடியில் உங்கள் வாப்பாவின் பெயர்ப் பலகை தொங்கும் என்பது எனக்கும் தெரியும். இரவில் பிள்ளைகளோடு தங்கும் ஊழியரின் சம்பளத்துக்குப் பெயர்ப் பலகை கிடையாது. அதனால்தான் அதற்குக் காசு சேர்வதில்லை.

பொருள் விநியோகிப்பவர்களுக்கும் ஒன்று. அரசாங்க இல்லங்களுக்கான விலைமனுக்களில் பருப்பு எத்தனை கிலோ, சவர்க்காரம் எத்தனை கட்டி என்பது துல்லியமாக எழுதப்பட்டிருக்கும். கொடுப்பனவு பிந்தும் என்பதும் அனுபவஸ்தர்களுக்குத் தெரியும். பிந்தும் காசுக்கு வட்டியைப் போட்டு விலையை ஏற்றி விலைமனு கொடுப்பது வழக்கம். அந்த ஏற்றம் கடைசியில் பிள்ளையின் தட்டில் இருந்துதான் குறைகின்றது. விநியோகிப்பவர்கள் சிலர் சேர்ந்து, குறித்த நாளில் கொடுப்பனவு என்ற நிபந்தனைக்கு விலையைக் குறைத்துத் தர முன்வந்தால், திணைக்களத்தில் அதைக் கேட்பதற்கு ஆட்கள் இருக்கின்றார்கள். கொடுக்கும் விலையில் அல்ல, கொடுக்கும் நாளில்தான் மிச்சம் இருக்கின்றது.

தனியாக ஒரு பிள்ளைக்கு உதவ விரும்புபவர்களுக்கு நன்னடத்தைத் திணைக்களத்தின் செவன சரண வளர்ப்புப் பெற்றோர் திட்டம் உண்டு. பிள்ளை தன் வீட்டிலேயே இருக்க, கொடையாளி மாதாந்தம் ஒரு தொகையை வழங்கும் முறை அது. பிரதேச செயலகத்தில் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தரைச் சந்தித்தால் விபரம் தருவார். வெள்ளவத்தையில் இருப்பவர்கள் திம்பிரிகஸ்யாய பிரதேச செயலகத்துக்கும், கொட்டாஞ்சேனையில் இருப்பவர்கள் கொழும்பு பிரதேச செயலகத்துக்கும் போக வேண்டும். அலுவலகத்துக்கு அலைய நேரமில்லை என்பவர்களுக்கு, ஐந்துலாம்புச் சந்திப் பக்கம் பலசரக்குக் கடை வைத்திருக்கும் எனது வாடிக்கையாளர் ஒருவரின் வழி இலகுவாக இருக்கலாம். இரண்டு தாய்மாருக்கு அவர் கடன் கொப்பியில் தனிப் பக்கம் திறந்திருக்கின்றார். மாதம் அரிசி, பருப்பு, பால்மா, கொப்பி பென்சில் இவ்வளவு என்று எல்லை. மாதக் கடைசியில் அந்தப் பக்கத்தைப் புறக்கோட்டையில் துணி வியாபாரம் செய்யும் இருவர் வந்து தீர்த்து விடுகின்றார்கள். அந்தத் தாய்மாருக்கு அவர்கள் யாரென்று தெரியாது. மூன்றாவது பக்கத்துக்கு ஆள் தேடிக் கொண்டிருக்கின்றார்.